பெண்பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞான முகாம்

உங்கள் மகளிடம் கடதாசியும் பென்சிலும் கொடுத்து, "ஒரு விஞ்ஞானியை வரைந்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். அவள் ஆணை வரைவாளா, பெண்ணை வரைவாளா?

டேவிட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 4,807 சிறுவர்கள் வரைந்த படங்களை ஆராய்ந்து, 1983இல் முடிவை வெளியிட்டார். 28 படங்களில் மாத்திரமே விஞ்ஞானி ஒரு பெண்ணாக இருந்தார். அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் பெண்பிள்ளைகளே.

அதன்பின் நிலைமை ஓரளவு மாறியது. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் ஏறத்தாழ 70 வீதமானோர் பெண்கள். பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளிடமோ அது ஏறத்தாழ 25 வீதமாகக் குறைந்திருந்தது.

இந்தப் பத்து ஆண்டுகளில் பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை. "இது எனக்குரியதல்ல" என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்துவிட்டது. ஆகவே இடைநிலை வகுப்பில் இருக்கும் காலத்திலேயே அவளுக்குக் கைகொடுக்க வேண்டும்.

ஒரு முன்மாதிரி

1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மேரி வோல்பாக் என்ற பெண்மணி இதற்கென ஒரு கோடைகால முகாமைத் தொடக்கினார். அதன் பெயர் 'டெக் டிரெக்'. அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பெண்களின் சங்கமொன்றைச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மாணவிகள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் தங்கினார்கள். பகலில் கணிதமும் விஞ்ஞானமும் செய்து பழகினார்கள். விஞ்ஞானத் துறைகளில் வேலை செய்யும் பெண்கள் ஒரு மாலைப்பொழுதில் வந்து அவர்களோடு உரையாடினார்கள்.

இதிலிருந்து நாம் மூன்று விடயங்களைக் கற்கலாம்.

1. பிள்ளை தானாக முன்வரும்வரை காத்திருக்கவில்லை. ஆசிரியரே அவளை இனங்கண்டு பெயர் கொடுத்தார். "உன்னால் முடியும்" என்று பெரியவர் ஒருவர் சொல்வது அவளுக்குப் பெரிய பலம்.

2. செலவின் பெரும்பகுதியைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் திரட்டின. பெற்றோரின் வறுமை பிள்ளைக்குத் தடையாகவில்லை.

3. அந்தத் துறையில் இருக்கும் பெண்களை அவள் நேரில் கண்டாள். நேரில் கண்டதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஆயினும் ஒரு வாரத்து உற்சாகம் விரைவில் ஆறிவிடக்கூடியது. முகாம் முடிந்த பின்னும் பிள்ளையை விசாரித்து, பாடத்தில் உதவும் ஓர் அக்கா வேண்டும். பாடசாலை மாறி மாறிப் படிக்க நேர்ந்த பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

நாம் செய்யக்கூடியது

ஆய்வுகூடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். விதைப்புக்கு முன் முளைதிறன் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அதை மகளிடம் ஒப்படையுங்கள். புதிய பயறு 100, பழைய பயறு 100 எண்ணி, தனித்தனியே ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கட்டும். சாக்குக் காயாமல் தண்ணீர் தெளிக்கட்டும். நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். ஐந்தாம் நாள் 85 முளைத்திருந்தால் முளைதிறன் 85 வீதம். இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் என்று அவளிடமே கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அளப்பதும் ஒப்பிடுவதும் காரணம் தேடுவதுமே விஞ்ஞானம். விதையைப் பற்றி அறிந்த தாயே அவளுடைய முதல் வழிகாட்டி.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளையோ, தாதியோ, ஆசிரியையோ உங்கள் அயலில் இருக்கலாம். மாதத்தில் ஒரு பிற்பகல் அவர் ஐந்தாறு பிள்ளைகளோடு இருந்தாலே நல்ல தொடக்கம்.

குழுவில் கலந்துரையாட

1. நமது பெண்பிள்ளைகள் எந்த வயதில் விஞ்ஞானத்திலிருந்து ஒதுங்குகிறார்கள்? வீட்டில் நாம் சொல்லும் எந்த வார்த்தை அதற்குக் காரணமாகிறது?
2. வழிகாட்டியாக இருக்கக்கூடிய பெண்கள் நம்மிடையே யார்? அவர்களை யார் போய்க் கேட்பது?
3. அடுத்த பாடசாலை விடுமுறையில் எந்த மூன்று நாட்களை இதற்கென ஒதுக்கலாம்?