குடும்ப வன்முறையும் மருத்துவமனையின் கடமையும்

வீட்டில் தாக்கப்படும் பெண்கள் அனைவரும் காவல் நிலையத்தை நாடுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமேனும் உதவி நாடியோர் 14 சதவீதத்தினரே. ஆயினும், புகார் செய்யத் துணியாத பெண்ணும் காயத்திற்கு மருந்திட்டுக்கொள்ள மருத்துவமனைக்கு வரக்கூடும். ஆகவே, அவசர சிகிச்சைப் பிரிவு அரசு இயந்திரத்தை அவள் சந்திக்கும் முதல் இடமாகலாம்.

பதிவும் பயனும்

ஐயத்திற்குரிய காயங்களைப் பணி மருத்துவர் பதிவேட்டில் குறித்து, காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புவது நெடுங்கால வழக்கம். ஆனால், பெண்ணை அழைத்து வருபவர் பல நேரங்களில் கணவரே. "வழுக்கி விழுந்தாள்", "அடுப்பு வெடித்தது" என அவர் கூறுவதே பதிவாகிறது. பின்னர் வரும் காவலர் உறவினர் முன்னிலையில் வினவினால், அவள் அதையே திருப்பிச் சொல்வாள். தகவல் அனுப்பப்பட்டது, நடைமுறை நிறைவேறியது, பெண்ணோ அதே வீட்டிற்குத் திரும்புகிறாள்.

சட்டத்தின் நிலை

கணவர் மற்றும் அவருடைய உறவினரின் கொடுமை 1983ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தின் 498-அ பிரிவின் மூலம் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவளுடைய உறவினரோ, உறவினர் இல்லாதபோது மாநில அரசு அறிவித்த பொது ஊழியரோ தகவல் தந்தால்தான் இக்குற்றத்தில் காவல்துறை நடுவரின் ஆணையின்றிப் புலனாய்வைத் தொடங்க இயலும். எனவே, மருத்துவமனையின் தகவல் மட்டும் இங்குப் போதுமானதன்று. பெண்ணின் சொல்லே அடிப்படையாகும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இரண்டாவது வழியைத் திறந்தது. 2006ஆம் ஆண்டின் விதிகளில் 17ஆம் விதி, அறிக்கை இல்லை என்னும் காரணத்தால் சிகிச்சையை மறுக்கலாகாது என்கிறது. அறிக்கை ஏதும் தயாரிக்கப்படவில்லையெனில், மருத்துவமனைப் பொறுப்பாளரே முதலாம் படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புதல் வேண்டும். மருத்துவ அறிக்கையின் படியைப் பெண்ணுக்கு இலவசமாக அளித்தலும் கடமையாகும். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை நீதித்துறை நடுவருக்கும், அதன் படி காவல் நிலையத்திற்கும் செல்லும். தண்டனையை நோக்கியது முதல் வழி. பாதுகாப்பு, வசிப்பிடம், பராமரிப்பு ஆகியவற்றை நோக்கியது இரண்டாம் வழி.

மும்பை அனுபவம்

மும்பை மாநகராட்சியும் 'சேஹத்' அமைப்பும் 2000ஆம் ஆண்டில் பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் 'திலாசா' மையத்தைத் தொடங்கின. வன்முறையின் அறிகுறிகளை அறிய ஊழியர்கள் பயிற்சி பெற்றனர். ஆலோசகர்கள் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தனர். காவல்துறைக்குத் தகவல் சொல்வதற்கு முன் பெண்ணுடன் பேச ஒருவர் தேவை என்பதே இதன் படிப்பினை. 2015 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் மருத்துவ, காவல், சட்ட உதவிகளை இணைக்க முற்பட்டவையே.

நடைமுறையில் வேண்டுவன

முதலாவது, சிகிச்சை. சட்ட நடைமுறைகளுக்காக உயிர்காக்கும் சிகிச்சை தாமதமாகலாகாது என உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, தனிமை. உடன் வந்தவரை வெளியே இருக்கச் செய்து, பெண்ணிடம் தனியே வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, துல்லியம். "தாக்குதல்" என ஒரு சொல்லில் முடிக்காமல், யார், எதனால், எப்போது தாக்கியதாக அவள் கூறுகிறாள் என்பதையும், காயத்தின் இடம், அளவு, நிறம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

நான்காவது, அவளுடைய விருப்பம். முன்னறிவிப்பின்றிக் காவலர் வீட்டிற்குச் சென்றால், அவளுக்கு ஆபத்து மிகக்கூடும். எனவே, தகவல் செல்வதை அவளுக்கு முன்னரே விளக்கி, வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்றும் கேட்டறிதல் வேண்டும். புகார் வேண்டாம் என்றால் அதனையும் பதிந்து, 181 உதவி எண்ணைத் தெரிவிக்கலாம். ஆயினும், பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு ஆகியவற்றிலும், சிறார் மீதான பாலியல் குற்றங்களிலும் காவல்துறைக்குத் தகவல் தருவது சட்டப்படி கட்டாயமாகும்.

இன்று புகார் கொடுக்க மறுப்பவள், ஓராண்டு கழித்து நீதிமன்றத்தை நாடலாம். காயம் அதற்குள் ஆறியிருக்கும்; பதிவேடு மட்டுமே எஞ்சியிருக்கும். அதில் உண்மை இருக்குமா என்பதைப் பணி மருத்துவர் அவளிடம் தனியே பேசும் சில நிமிடங்கள் முடிவு செய்கின்றன.