இளங்கோவுக்கு, நெக்பேண்ட் தொழில் பற்றி

அன்புள்ள இளங்கோ,

நீ அனுப்பிய திட்டத்தை நிதானமாகப் படித்தேன். ஷென்ஜெனிலிருந்து, கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இயர்போனுக்கான உதிரிபாகக் கிட் வரவழைத்து, அம்பத்தூர் ஷெட்டில் பாகங்களைப் பூட்டி, உன் பெயரில் பெட்டி போட்டு விற்பது ஒரு வழி. கிண்டி சிபெட்டில் பிளாஸ்டிக் மோல்டு வடிவமைப்புப் படித்துவிட்டு இறங்குவது இன்னொன்று. முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் உன் அப்பாவின் ஸ்டெபிலைசர் தொழில் காலத்திலிருந்தே இந்த வீட்டில் நான் ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன்: வாங்கிப் பூட்டுகிறவன் கையில் தொழில் தங்காது.

ஒரு நெக்பேண்டைப் பிரித்துப் பார். ஒரு முனைக் கூட்டில் சர்க்யூட் போர்டும் பட்டன்களும், மறுமுனையில் லித்தியம் பாலிமர் பேட்டரி. போர்டில் இருக்கும் ப்ளூடூத் சிப், மலிவான மாடல்களில் ஜூஹாயின் ஜியேலி, ஷென்ஜெனின் ப்ளூட்ரம் போன்ற நிறுவனங்களுடையது. பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் ஏற்றிய மென்பொருளில் இருக்கிறது. அது கிட் விற்கிறவர் கையில். ஒலியைத் தீர்மானிப்பது டிரைவர்: மெல்லிய படலம், தலைமுடியைவிடச் சன்னமான செம்புக் கம்பியில் சுற்றிய காயில், பின்னால் நியோடிமியம் காந்தம். அதுவும் ஒட்டி முடித்தே வந்து சேரும். உனக்கு மிஞ்சுவது ஈயம் வைப்பதும் பசை தடவுவதும் ஒலி வருகிறதா என்று பார்ப்பதும்தான். பக்கத்து ஷெட்காரர் அதையே பத்து ரூபாய் குறைத்துச் செய்வார்.

பொருள் எங்கே கெடுகிறது என்பதையும் யோசி. கழுத்துப் பட்டை செய்யும்போது, வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கம்பியையும் ஒயர்களையும் மோல்டுக்குள் கிடத்தி, அவற்றின் மேல் சிலிக்கோனையோ டிபியூ பிளாஸ்டிக்கையோ அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அந்த வேகத்தில் ஒயர் ஒரு பக்கம் நகர்ந்தால் அங்கே தோல் மெலிந்துவிடும். வளைந்து வளைந்து அங்கேதான் கிழியும். மோல்டின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் இம்மி இடைவெளி இருந்தாலும் பிசிறு வரும். மலிவான பட்டையில் நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும். வியர்த்த கழுத்தை அறுப்பதும் அந்தப் பிசிறுதான். பொருளைச் செலுத்தும் கேட் எங்கே இருக்க வேண்டும், ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தவரால்தான் இதைத் திருத்த முடியும். கிட் வாங்குகிறவர் குறையைக் கண்டுபிடித்தாலும் சீனாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இயர்போன் விற்கும் போட் நிறுவனமும் சீனச் சரக்கில்தானே தொடங்கியது என்பாய். உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் பெயரெடுத்து விற்பனையைப் பெருக்கியவர்களே 2022இல் ஒப்பந்த உற்பத்தியாளர் டிக்ஸனோடு கூட்டு நிறுவனம் அமைத்து உள்நாட்டு உற்பத்திக்கு வர வேண்டியிருந்தது. அந்த விளம்பரச் செலவை உன்னால் தாங்க முடியுமா? அதே ஆண்டு பட்ஜெட்டில் இந்த வகைச் சாதனங்களுக்குக் கொண்டுவந்த படிப்படியான சுங்க வரி காக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். அது உன் போட்டியாளரையும் சேர்த்தே காக்கும். வரியால் செய்ய முடியாததும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே மோனசைட் இருக்கிறது, அதில் நியோடிமியமும் இருக்கிறது. இருந்தும் காந்தத்துக்கு அவர்கள் வாசலில் நிற்கிறோம். பூட்டினால் போதும் என்று நாடே நினைத்ததன் விலை அது. எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

படித்து முடிப்பதற்குள் எல்லாரும் கழுத்துப் பட்டையில்லாத பட்ஸுக்குப் போய்விடுவார்கள் என்ற உன் பயம் நியாயமானது. அப்படிப் போனால் ஷெட்டில் தேங்கிய கிட் காயலான் கடைக்குப் போகும். மோல்டு படிப்போ பட்ஸுக்கும் உதவும், சுவிட்சுக்கும் உதவும், ஊசிமருந்துக் குழலுக்கும் உதவும்.

இவ்வளவும் படித்த பிறகும் கிட்தான் என்றால், கோபமில்லை, செய். தரத்துக்கான பி.ஐ.எஸ். பதிவும் வயர்லெஸுக்கான டபிள்யூ.பி.சி. ஒப்புதலும் இல்லாமல் மட்டும் ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது. உன் கைச் சுத்தமும் பொறுமையும் நம் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. நீ எதைத் தொட்டாலும் நன்றாகவே வரும் கண்ணா. முதல் பத்து நெக்பேண்டை நானே வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் வளையலை அடகு வைக்காதே. பணம் எவ்வளவு குறைகிறது என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அத்தை