மழை கேட்பவரும் வெயில் கேட்பவளும்

அன்புள்ள மகனே,

உன் கடிதம் கிடைத்தது. வேளாண்மைக் கல்லூரிக்குப் போய் ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் பெரியம்மாவை மடக்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது உனக்கு. வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வைப் பொறுத்தது என்று வகுப்பில் நடத்துகிறார்கள். ஊருக்கு வந்தால் ஞாயிறு ஆராதனையில் மழைக்காக முழங்காலில் நிற்கிறோம். எல்லாம் தெரிந்த கடவுளுக்குக் கரிசல் காய்ந்து கிடப்பதை நாம் போய்ச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இதுதானே நீ கேட்டது. கேட்ட விதத்தில் கொஞ்சம் நக்கல் இருந்தாலும் கேள்வி நல்ல கேள்விதான். போதகர் ஐயாவிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்டிருக்கிறாய். அவரிடமும் கேள், கோபிக்க மாட்டார்.

இந்தக் கேள்வியை வேதாகமம் ஒளித்துவைக்கவில்லை. மத்தேயுவில் மலைப்பிரசங்கத்தை எடுத்துப் பார். ஆறாம் அதிகாரத்தில், நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும், அதனால் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள் என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்திலேயே கேட்கச் சொல்கிறார், தட்டச் சொல்கிறார். ஒரே பிரசங்கத்தில் இரண்டும் இருக்கின்றன. எரிகோ பாதையில் உட்கார்ந்திருந்த பர்திமேயு கண் தெரியாதவன். அவன் எதைக் கேட்பான் என்று அங்கே நின்ற சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடம் விசாரிக்கிறார். அவன் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் பார்வை கிடைக்கிறது. ஆக, கடவுளுக்குச் செய்தி சொல்வதற்கு நாம் ஜெபிப்பதில்லை. அவ்வளவு தூரம் உன்னோடு ஒத்துப்போகிறேன்.

பிறகு எதற்கு? கி.பி. 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்ட பின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பிவந்த புரோபா என்ற பணக்கார விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஹிப்போவின் ஆயர் அகஸ்தீனிடம் கேட்டாள். அவர் எழுதிய நீண்ட பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. கடவுள் தரப்போவது பெரிது, அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரிவதற்காகவே கேட்கச் சொல்கிறார் என்பது அவர் விளக்கம். எண்ணூறு வருஷம் கழித்து வந்த தாமஸ் அக்வினாஸ் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். கடவுளின் தீர்மானத்தை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகவே கிடைக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்து வைத்திருப்பதைப் பெறுவதற்காக ஜெபிக்கிறோம் என்றார். எனக்கு இதுதான் பிடிக்கும். அகஸ்தீன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஜெபம் நம் மனசுக்கு ஒரு பயிற்சி என்று நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. உன் தாத்தா புரட்டாசியில் புழுதியில் கம்பு விதைத்தபோது, விளைச்சல் கர்த்தர் தருவது, நான் ஏன் உழ வேண்டும் என்று கேட்டதில்லை. உழவும் விதைப்பும் விளைச்சலுக்குக் காரணங்களாக இருப்பதுபோல ஜெபத்தையும் ஒரு காரணமாகக் கடவுள் வைத்திருக்கிறார் என்பதே அக்வினாஸின் வாதம். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

காற்றழுத்தத் தாழ்வு மழையைக் கொண்டுவருகிறது என்றால் கடவுளுக்கு அங்கே வேலை இல்லை என்று ஆகிவிடாது. கர்மேல் மலையில் மழைக்காக ஜெபித்த எலியா, தன் வேலைக்காரனைக் கடல் பக்கம் பார்த்துவரச் சொல்லி ஏழு தரம் அனுப்பினார். ஏழாம் தரம் ஒரு சின்ன மேகம் கடலிலிருந்துதான் எழும்பிற்று. வானத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தவர் அவர். நீயும் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கலாம்.

நீ கேட்காமல் விட்ட கேள்விதான் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. நம் சபையையே எடுத்துக்கொள். முன் வரிசையில் இருப்பவருக்கு மானாவாரியில் மக்காச்சோளமும் உளுந்தும். ஐப்பசி மழை தவறினால் வட்டிக்கு வாங்கிய விதைக்காசும் போச்சு. அவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். அடைமழை பிடித்தால் மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயாது, வேலை குறையும், வாரச் சம்பளம் குறையும். தூத்துக்குடி பக்கம் உப்பளத்துக்குப் போகிற சொந்தக்காரர்களுக்கும் இதே கதை, மழைக்காலம் என்றால் அடுப்பு எரியாத காலம். ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் மழை கேட்கிறார், ஒருத்தி வெயில் கேட்கிறாள். மழை கேட்ட அதே விவசாயி, தை மாசம் உளுந்து அறுப்புக்கு நிற்கும்போது மழை வேண்டாம் என்று கேட்பார். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற பயிர் செடியிலேயே முளைத்துப் போனதை நீ பார்த்திருக்கிறாய். 2023 டிசம்பர் 17, 18இல் நம் மாவட்டம் மிதந்ததே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வருஷமும் நாம் மழைக்காக ஜெபித்திருந்தோம். அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான் அந்த வெள்ளம் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தச் சிக்கல் பழசு. 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகத்தில் மழை வேண்டும் ஜெபமும் மழை நிற்க வேண்டும் ஜெபமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதைத் தொகுத்தவர்கள் முரண்பாட்டுக்குக் கூச்சப்படவில்லை. தேவை உள்ளவன் தன் தேவையைச் சொல்லட்டும், எதை எங்கே எப்படிக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். கெத்செமனேயில் இயேசு செய்ததும் அதுதான். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று முதலில் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். அதன் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். நம் ஜெபக்கூட்டங்களில் பலபேர் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறார்கள். உம் சித்தம் என்று சொல்லிவிட்டால் ஏமாற்றம் வராதே! அது பணிவு இல்லை மகனே, பயம். மழை வேண்டும் என்றால் மழை என்றே கேள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. இவ்வளவு காணிக்கை வைத்தால் இவ்வளவு திரும்பி வரும் என்று டிவியில் கணக்குச் சொல்கிறார்களே, அந்தச் சேனலை அணைத்துவிடு. கொடுத்து வாங்குவது வியாபாரம். பொருத்தனை வேறு. அன்னாள் பிள்ளை கேட்டுப் பொருத்தனை பண்ணினாள், சாமுவேல் பிறந்து பால் மறந்ததும் சொன்னபடி ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். யெப்தா யோசிக்காமல் பொருத்தனை பண்ணித் தன் மகளையே இழந்தான். இரண்டும் வேதத்தில்தான் இருக்கின்றன. ஆகஸ்டு 15க்கு நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டிக்கு ஒருமுறை போய்வா. வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்தில் பணி செய்த ஊர் அது. பரலோக மாதா தேருக்குப் பின்னால் விழுந்து விழுந்து எழுந்து கும்பிடு சேவை செய்கிறவர்களைப் பார். நாம் சி.எஸ்.ஐ. சபை, அந்த வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் அங்கே வருகிறவர்களில் நிறையப்பேர் கேட்க வந்தவர்கள் இல்லை, போன வருஷம் கேட்டது கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவர்கள். கேட்கும்போது முழங்காலிடுகிற நாம், கிடைத்த பிறகு அப்படி உடம்பால் நன்றி சொல்கிறோமா?

ஜெபத்தைச் சோதித்துப் பார்த்தார்களா என்றும் எழுதியிருந்தாய். பார்த்தார்கள். 1872இல் பிரான்சிஸ் கால்ட்டன், எல்லாச் சபைகளிலும் நீடிய ஆயுள் கேட்டு ஜெபிக்கப்படுகிற ராஜாக்கள் மற்ற வசதியானவர்களைவிடக் குறைவாகவே வாழ்கிறார்கள் என்று கணக்குக் காட்டினார். 2006இல் அமெரிக்காவில் இருதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாமல் இருந்த இரு பிரிவுகளில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் ஜெபிக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, மற்ற இரு பிரிவுகளையும்விட அதிகம். இதை மறைத்து உனக்கு விசுவாசம் ஊட்ட நான் விரும்பவில்லை. தந்தையிடம் கேட்பதை மருந்தின் அளவுபோல அளந்துவிட முடியாது என்பது என் எண்ணம். ஆனால் ஜெபத்தால் இத்தனை சதவீதம் குணம் என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு அந்த ஆய்வு சரியான பதில்.

கேட்டும் கிடைக்காதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவுல் தன் சரீரத்திலிருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை. நம் பக்கத்திலேயே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி இருந்தார். சின்னப்பிள்ளையாக இருந்தபோது நீலக் கண் கேட்டு ஜெபித்தார், காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிற்பாடு சேலை கட்டி நம் ஊர்ப் பெண்கள் நடுவே நடக்க அந்தக் கண்ணே உதவியது என்று ஞாயிறு பள்ளியில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிப்பில் திருப்தி இல்லை. 1931 அக்டோபரில் அவர் ஒரு குழியில் விழுந்து காயப்பட்டார். குணமாக அவரும் ஜெபித்தார், எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த அறையிலிருந்து நிறையப் புத்தகம் எழுதினார் என்பது உண்மை. அதனால்தான் குணமாகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் அவருக்கே சொல்லப்படவில்லை.

இன்னொரு மிஷனரியும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த தாமஸ் ராக்லண்ட் 1854இலிருந்து சிவகாசிப் பக்கம் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலைந்தார். தெற்கே இருந்த திருநெல்வேலிச் சபைகள் உபதேசியார்களை அனுப்பி உதவின. இந்தக் கரிசல் கிராமங்களுக்காக அவர் ஜெபித்தது கொஞ்சமல்ல. 1858இல் சிவகாசியிலேயே இறந்தபோது அவர் கண்ட பலன் சொற்பம்.

இனி, எப்படி ஜெபிப்பது என்று கேட்டாயே. லூக்கா பதினோராம் அதிகாரத்தில் நடுராத்திரி கதவைத் தட்டுகிறவன் கதையைத் திரும்பப் படி. அவன் தன் பசிக்காகத் தட்டவில்லை. வழிப்பயணமாக வந்த சிநேகிதனுக்கு வைக்க வீட்டில் ஒன்றுமில்லை என்று மூன்று அப்பம் கேட்கிறான். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் தனக்கு மட்டும் அப்பம் கேட்க யாருக்கும் இடம் இல்லை. அங்கேதான் மழை கேட்பவரும் வெயில் கேட்பவளும் ஒன்றாக நிற்க முடியும். நான் மழைக்காக ஜெபிக்கும்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவளின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்: மழையும் தாரும், அவள் வாரச் சம்பளமும் குறையாமல் பாரும். அப்படிச் சொல்லிவிட்டு அடைமழை வாரத்தில் அவள் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நிறைய ஜெபங்களுக்குப் பதில் அப்படித்தான் பக்கத்துத் தெருவழியாகப் போய்ச் சேருகிறது.

ஆகவே ஊரை, உலகத்தை என்று மொத்தமாகச் சொல்லாமல் ஆளின் பெயரைச் சொல்லி ஜெபி. சுருக்கமாகக் கேள், அழகாகக் கேட்க வேண்டாம். கேட்டதை நோட்டில் தேதியோடு எழுதிவை. கிடைத்ததையும் எழுது, கிடைக்காததையும் அடித்துவிடாமல் அப்படியே வை. பரீட்சைக்கு ஜெபி, ஆனால் படித்துவிட்டு ஜெபி. படைப்புழு வராமலிருக்க ஜெபிக்கிற உன் அப்பாவிடம், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்கு முன் பணம் கட்டச் சொல். போன புரட்டாசியில் ஜெபத்தை நம்பி அதை விட்டுவிட்டார், அது விசுவாசத்தில் சேராது. மனசு வறண்டு ஒன்றும் கேட்கத் தோன்றாத நாளில் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கு. அது போதும்.

பதில் எழுதும்போது உன் நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எழுது. விடுதியில் உன் அறையில் கூட இருக்கிற பையன்கள் பெயரும் இருக்கட்டும், அவர்கள் எந்த சாமியைக் கும்பிட்டாலும் சரி. என் முழங்கால் வலியையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியம்மா