தறியை அரிக்கும் பூசணமும் வயலைக் காக்கும் பூசணமும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கஞ்சியிட்டு வைத்த பாவில் சாம்பல் நிறப் புள்ளிகள் படர்வதைக் கண்டு நெசவாளர் வருந்துவர். அதே மழைக்குப்பின், ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரத்துப் புற்றுகளில் வெண்குடை விரித்தெழும் காளானைக் கண்டு விவசாயி மகிழ்வார். ஒருவர் வெறுப்பதும் மற்றவர் விரும்புவதும் பூசணம் என்னும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. தறியுடையாரும் நிலமுடையாரும் கூடியிருக்கும் நம் சங்கத்தில், இவ்வுயிரைப் பற்றி இருசாராரும் அறிந்திருத்தல் நலம்.

பூசணம் செடியன்று, அதனிடம் பச்சையம் இல்லை. விலங்குமன்று. நூலினும் மெல்லிய இழைகளாகப் பரவி, நொதிகளை வெளியே சுரந்து, இரையை வெளியிலேயே கரைத்துப் பின்னர் உறிஞ்சிக் கொள்ளும். நாம் உண்டபின் செரிக்கிறோம்; அது செரித்தபின் உண்கிறது. மலைக்காட்டில் விழும் இலையும் கிளையும் மட்கி மண்ணாவது பெரும்பாலும் இவ்வேலையால்தான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளை முற்றாகச் சிதைக்க வல்ல உயிர்களுள் பூசணங்களே முதன்மையானவை.

புற்றுக்காளானின் கதை இன்னும் வியப்பானது. புற்றுக் கட்டும் கறையான்களுள் பல, தாம் கொணரும் சருகையும் மரத்துகளையும் தாமே முழுதும் செரிப்பதில்லை. புற்றினுள்ளே அவற்றைத் தேன்கூடு போல் அடுக்கி, அதன்மேல் பூசணத்தைப் பயிர் செய்து, விளைந்ததை உண்கின்றன. மழைக்குப்பின் வெளியே தோன்றும் குடை அத்தோட்டத்தின் பூப் போன்றது. மனிதர் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னரே கறையான் விவசாயியாகிவிட்டது! (தெரியாத காளானைப் பறித்துச் சமைத்தல் ஆகாது. நஞ்சுக்காளானைப் பிரித்தறிய வீட்டில் செய்யும் சோதனை எதுவும் நம்பத்தக்கதன்று.)

இனித் தறிக்கு வருவோம். கஞ்சி மாவுப்பொருள், பருத்தி செல்லுலோஸ். பூசணத்துக்கு இரண்டும் உணவே. கஞ்சி எளிதில் கரைவதாதலால் முதலில் அதனைத் தின்னும். ஈரம் நீடித்தால் சில இனங்கள் நூலையே பற்றும். ஆலைகளில் கஞ்சியோடு துத்தநாகக் குளோரைடு சேர்க்கும் வழக்கம் இருந்தது. கைத்தறியாளர்க்கு அதனினும் எளிய வழி ஈரத்தை அகற்றுவதே. புளித்த கஞ்சியைத் தள்ளிவிடுக. பாவைச் சுவரிலும் தரையிலும் படவிடாதீர். சற்றே ஈரமுள்ள துணியை மடித்து அடுக்காதீர்.

இத்தொல்லையிலிருந்தே ஒரு பெருந்தொழில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகள் விரைந்து மட்கின. மட்கிய துணியிலிருந்து டிரைக்கோடெர்மா இனப் பூசணம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். எல்வின் ரீஸ் முதலிய அறிஞர்கள் அதன் நொதியை ஆராய்ந்தனர். பின்னாளில் அப்பூசணத்துக்கு ரீஸ் பெயரே இடப்பட்டது. முதல் நோக்கம் துணியைக் காப்பது. ஆயினும் செல்லுலோஸைக் கரைக்கும் அந்த நொதியே இன்று துணியாலைகளில் பருத்தித் துணியின் மேல்நுனிப் பிசிறுகளை நீக்கி வழவழப்பாக்கவும், ஜீன்ஸ் துணியை வெளுக்கவும் பயன்படுகிறது. அளவு மிகுந்தாலும் நேரம் நீண்டாலும் துணி வலுவிழக்கும்.

புளியங்குடிப் பக்கத்தில் எலுமிச்சை பயிரிடும் உறுப்பினர்கட்கு வேறொரு செய்தி உண்டு. ஒரு காலத்தில் உலகுக்கு வேண்டிய சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் இத்தாலிய எலுமிச்சையிலிருந்தே வந்தது. வெங்காயத் தோலில் கரும்பொடியாகப் படியும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூசணம் சர்க்கரைக் கரைசலிலிருந்து அவ்வமிலத்தை ஏராளமாக ஆக்குவதை 1917-இல் ஜேம்ஸ் கரி என்பவர் வெளியிட்டார். 1919-இல் அமெரிக்காவில் ஃபைசர் நிறுவனம் அம்முறையில் உற்பத்தி தொடங்கியது. இத்தாலியின் அவ்வாணிபம் சரிந்தது. இன்று மிட்டாயிலும் குளிர்பானத்திலும் சேரும் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ முழுவதும் பூசணத்தின் உழைப்பே. ஆகவே புளிப்பை மட்டும் நம்பி எலுமிச்சைக்கு ஆலை வைப்பது நமக்குப் பயன் தராது. பழத்துக்கும் ஊறுகாய்க்கும் தோலெண்ணெய்க்கும் உள்ள விலையே நம் விலை.

வயலில் பூசணம் பகையுமாகும், காவலுமாகும். கரும்பின் செவ்வழுகல், வாழையின் வாடல், பயறு வகைகளின் வேரழுகல் ஆகியவை பூசண நோய்களே. பருத்தியின் வாடல் நோயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனும் அவர்தம் மாணாக்கரும் பல்லாண்டு ஆராய்ந்தனர். இத்தகைய மண்வாழ் பகைகட்கு எதிராகக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது டிரைக்கோடெர்மா விரிடி. கூடாரத்தை அரித்ததன் உறவினமே இது! நோய்ப்பூசணத்தின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் உறையைக் கரைத்து அழிக்கிறது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் பொடி போதும். நிலத்துக்கு எக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத்தோடு கலந்து இடலாம்.

வைக்கோலைக் கொளுத்துவோர் இதனையும் எண்ணுக. 1943-இலேயே கோயம்புத்தூரில் கே. எம். தாமஸ் முதலியோர் வைக்கோலில் காளான் வளர்த்ததைப் பற்றி எழுதினர். 1998-இல் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பால்காளான் வந்தது. இது 30 முதல் 35 பாகை வெப்பத்திலும் வளரும்; நம் சமவெளிக்கு ஏற்றது. சிப்பிக்காளானோ குளிர்ச்சி வேண்டுவது. மார்கழி, தை மாதங்களில் நன்கு வரும். காளானை எடுத்தபின் எஞ்சும் வைக்கோல் மட்கு குழிக்கு நல்ல இடுபொருள்.

டிரைக்கோடெர்மா வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பொடியில் இருப்பது உயிர். வெயிலில் கிடந்த பொட்டலமும், நாள் கடந்த பொட்டலமும் வெறும் மாக்கல் தூளே. பூசணக்கொல்லி மருந்திட்ட விதையோடு இதனைக் கலந்துவிட்டுப் பயனில்லை என்று சொல்லும் அன்பர்களை நாம் கண்டதுண்டு. அங்கே அவர் இட்ட மருந்தே அவர் வாங்கிய காவலைக் கொன்றுவிட்டது. பொட்டலத்தின் மேலுள்ள தயாரிப்பு நாளையும் முடிவு நாளையும் படித்துப் பார்த்தே பணம் கொடுக்க. விதைப்பு வரை நிழலில் வைக்க.