எந்த வைனை எடுத்து வைக்கலாம்?

பரிசாக வந்த வைனைப் பழசாகட்டும் என்று அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள். பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கே தயாராகின்றன.

1. நவம்பரில் வரும் போஜொலே நூவோவைச் சில மாதங்களில் முடியுங்கள். அதன் அழகே புதுப்பழ வாசம்தான்.

2. ப்ரொசெக்கோவைச் சேமிக்காதீர்கள், நுரை அடங்கிவிடும்.

3. பரோலோ, உயர்ரக போர்தோ சிவப்பு வைன்களுக்குப் பத்தாண்டு கொடுங்கள். துவர்க்கும் டானின் மெல்ல இளகி, புதிய மணங்கள் எழும். காத்திருப்புக்குத் தகுந்த பலன் இது.

4. வெள்ளை வைன் என்று எல்லாவற்றையும் ஒதுக்காதீர்கள். ஜெர்மன் ரீஸ்லிங்கை அதன் புளிப்பும், சொதேர்னை இனிப்பும் பல்லாண்டு காக்கும்.

5. தக்கை மூடிய பாட்டிலை இருட்டில், 12–13 டிகிரி செல்சியஸில் படுக்கவையுங்கள். தக்கை காய்ந்தால் காற்று புகும். அந்த வசதி இல்லையென்றால் பரோலோவையும் இப்போதே திறந்துவிடுங்கள். சமையலறைச் சூட்டில் எந்த வைனும் முதிராது, கெட்டுப்போகும்.