சரித்திரக் காதல் குறுநாவல்கள்: வாசகர் கருத்தும் அதைச் சொல்லும் முறையும்

சரித்திரக் காதல் குறுநாவல் என்பது, கடந்த காலம் ஒன்றைக் களமாகவும் ஒரு காதலை அச்சாகவும் கொண்டு, சிறுகதையைவிட விரிந்தும் நாவலைவிடச் சுருங்கியும், இரண்டு மூன்று அமர்வுகளில் படித்து முடிக்கத்தக்க அளவில் அமையும் கதை வகையாகும். தமிழ் வாசகரின் சரித்திரச் சுவையை உருவாக்கியவை 5 பாகங்கள் கொண்ட ‘பொன்னியின் செல்வன்’, 3 பாகங்கள் கொண்ட ‘கடல் புறா’ போன்ற பெருநாவல்களே என்பதால், குறுநாவல்கள் பெரும்பாலும் அவற்றின் நிழலிலேயே படிக்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிய கருத்துகளும் பெருநாவலின் அளவுகோலைக் கொண்டே சொல்லப்படுகின்றன. குறுநாவலை அதற்குரிய அளவுகோலால் அளந்து, தொகுப்பு முழுவதற்கும் ஒரே தீர்ப்பு வழங்காமல் ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியே கருத்துச் சொல்வதே அடுத்த வாசகருக்குப் பயன்படும் என்பது, இவ்வகைக் கதைகளை நெடுங்காலம் படித்தும் விவாதித்தும் வருவோரின் அனுபவம் தரும் முதன்மையான பாடமாகும்.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி இவ்வகை வாசிப்புக்கு இயல்பாகவே இடமளித்தது. 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மின்சார ரயிலில் போய் வருகிறவர்களுக்கும், ஓரிரு நாள் பயணத்தில் முடிந்துவிடும் கதைகள் வசதியாக இருந்தன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, வீட்டு வரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியால் வளர்ந்த கிளை நூலகங்களும், வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்துவைக்கும் வழக்கமும் அந்த வாசிப்பைத் தாங்கின. அப்படிப் பைண்டு செய்யப்பட்ட ஒரு தொகுதியைப் பிரித்தால், கதையோடு மணியம், லதா போன்ற ஓவியர்களின் படங்களும், பக்க ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரமும், விடுபட்டுப்போன ஓர் அத்தியாயத்தின் சுருக்கத்தை யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய தாளும் சேர்ந்தே கிடைக்கும். அந்தத் தாளைப் படிப்பவர் ஒரு வாசகரின் கருத்தையும் சேர்த்தே படிக்கிறார், ஏனெனில் எதைச் சுருக்கத்தில் சேர்ப்பது, எதை விடுவது என்பதே ஒரு மதிப்பீடுதான்.

‘சட்டென்று முடிந்துவிட்டது’ என்னும் குறை

குறுநாவல்களைப் பற்றி மிகுதியாகக் கேட்கக் கிடைக்கும் குறை, கதை சட்டென்று முடிந்துவிட்டது என்பதாகும். இக்குறை சில இடங்களில் நியாயமானது. சில இடங்களில் அது வாசகர் கொண்டுவந்த எதிர்பார்ப்பின் விளைவு. பெருநாவல் பல கிளைக்கதைகளை ஒன்றோடொன்று பின்னி நெடுந்தொலைவு போகிறது. குறுநாவலுக்கோ ஒரே ஒரு முரண்பாடும், அதைத் தீர்க்கும் ஒரே ஒரு முடிவும் போதுமானவை. ஆகவே முடிவு விரைவில் வந்ததா என்று கேட்பதைவிட, அந்த முடிவை எடுப்பதற்கான காரணங்கள் கதைக்குள் முன்பே விதைக்கப்பட்டிருந்தனவா என்று கேட்பதே பொருத்தமான சோதனையாகும்.

கல்கியின் ‘மோகினித் தீவு’ இச்சோதனைக்கு நல்ல சான்று. 1942இல் இரங்கூனிலிருந்து கப்பலில் தப்பி வந்த ஒருவன், வழியில் ஒரு தீவில் நிலவொளியில் சந்தித்த தம்பதியிடமிருந்து கேட்ட கதையாக அது அமைந்திருக்கிறது. சோழ இளவரசனுக்கும் பாண்டிய இளவரசிக்கும் இடையிலான காதலைக் கணவனும் மனைவியும் மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் இடைமறித்துத் திருத்துகிறார். இரு அரச குலங்களின் பகையே அக்காதலுக்குத் தடையாக இருப்பதால், அரசுரிமையைத் துறப்பது ஒன்றுதான் இருவருக்கும் எஞ்சியிருக்கும் வழி என்பதைக் கதை படிப்படியாக உணர்த்துகிறது. அம்முடிவு சில பக்கங்களில் வந்தாலும் அவசரமானதாகத் தோன்றாததற்குக் காரணம், சொல்லும் முறையிலேயே, அதாவது கதையை இருவரும் பகிர்ந்துகொள்ளும் உரிமையிலேயே, அவர்களுடைய பிற்கால வாழ்க்கை வாசகருக்கு முன்கூட்டியே காட்டப்பட்டுவிடுகிறது என்பதுதான்.

காதலின் முடிவைக் காலம் தீர்மானிக்கிறதா?

ஒரு கதை சரித்திரக் காதல் கதையா, அல்லது அரண்மனை உடை அணிந்த சமகாலக் காதல் கதையா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு: கதை நிகழும் காலத்தை மாற்றிவிட்டால் அந்தக் காதலின் முடிவும் மாறுமா என்று பார்ப்பதே அது. மாறாது எனில், அங்கே சரித்திரம் வெறும் திரைச்சீலையாக மட்டுமே நிற்கிறது.

நா. பார்த்தசாரதியின் ‘கபாடபுரம்’ இக்கேள்விக்கு உறுதியான விடை தருகிறது. இடைச்சங்கம் இருந்ததாக மரபு கூறும் கடற்கரைத் தலைநகரில், இளைய பாண்டியனாகிய சாரகுமாரனுக்கும் பாணர் குடியில் பிறந்த கண்ணுக்கினியாளுக்கும் இடையே இசையால் காதல் அரும்புகிறது. ஆனால் முடிசூட வேண்டியவன் பாடிப் பிழைக்கும் குடியில் மணம் கொள்ள அக்காலத்து அரச நெறி இடம் கொடுப்பதில்லை. இக்கதையின் முடிவைப் பற்றி வாசகர்களிடையே கருத்து வேறுபாடு எழாத இடமே இல்லை எனலாம். இளையோர் பலர், இளவரசன் தன் காதலுக்காகப் போராடாமல் கலையில் அடைக்கலம் புகுவதைக் கோழைத்தனம் என்பார்கள். மூத்தோர் பலர், அந்தத் துயரம் இசையாக மாறுவதே கதையின் உயிர் என்பார்கள். இரு தரப்பும் ஒரே பக்கங்களைத்தான் சுட்டுகின்றன என்பதைக் கவனித்தால், அவர்கள் கதையின் தரத்தைப் பற்றி அல்லாமல் கடமையைப் பற்றியே வாதிடுகிறார்கள் என்பது தெளிவாகும். ஒரு குறுநாவல் தன் வாசகர்களை அத்தகைய வாதத்தில் இறக்கிவிடுவது அதன் வெற்றியாகவே கொள்ளத்தக்கது.

கல்கியின் ‘சோலைமலை இளவரசி’ (1947) இதே கேள்வியை இரண்டு காலங்களின் ஊடே எழுப்புகிறது. 1942ஆம் ஆண்டின் ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்டு, பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருக்கும் குமாரலிங்கத்துக்கும் அவனுக்கு உணவு கொண்டுவரும் பொன்னம்மாளுக்கும் இடையிலான நேசம், பாளையக்காரர் காலத்து மாறனேந்தல் மன்னனுக்கும் சோலைமலை இளவரசி மாணிக்கவல்லிக்கும் இடையிலான காதலின் எதிரொலியாக வளர்கிறது. இரண்டு காலத்திலும் காதலைக் குலைப்பது வெள்ளையர் ஆட்சியே என்பதால், காலம் இங்கே அலங்காரமாக நில்லாமல் கதையின் மாந்தருள் ஒருவராகவே இயங்குகிறது.

வரலாற்று உண்மை என்னும் அளவுகோல்

‘இப்படியெல்லாம் நடந்ததற்கு ஆதாரம் உண்டா?’ என்பது அடுத்து எழும் வினா. சரித்திரக் குறுநாவலாசிரியர்கள் பெரும்பாலும் இலக்கியத்திலோ உரையிலோ கல்வெட்டிலோ கிடைக்கும் ஒற்றை வரியை வித்தாகக் கொண்டு கதையை வளர்த்தார்கள். புறநானூற்றின் 17ஆம் பாட்டு, தலையாலங்கானப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டு, பின் தன் வலிமையால் தப்பிச் சென்று மீண்டும் அரியணை ஏறிய சேரன் இரும்பொறையைப் பாடுவது. சாண்டில்யனின் ‘மூங்கில் கோட்டை’ அந்தச் சிறையிருப்பைச் சுற்றி எழுப்பப்பட்ட கற்பனை. அதேபோல், அநாகுலன் என்னும் பாண்டியனின் மகன் சாரகுமாரன் இசை அறிவதற்காகச் சிகண்டி என்னும் முனிவர் இசை நுணுக்கம் என்னும் நூலைச் செய்தார் எனச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தரும் செய்தியே ‘கபாடபுரத்தின்’ வேர்.

ஆகவே வாசகர் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வித்தாகிய செய்தி எது என்பது; இரண்டாவது, கற்பனை அந்த வித்தோடு முரண்படாமல் வளர்ந்ததா என்பது. காதலர்களின் பெயரும் உரையாடலும் கற்பனை என்பது இவ்வகையின் இயல்பு, அதைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் சங்க காலத்துப் பாண்டிய அரண்மனையில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தால், மிளகாய் 16ஆம் நூற்றாண்டளவில் போர்த்துகீசியர் வழியே வந்தது என்பதைச் சுட்டிக்காட்டுவது நியாயமான விமர்சனமாகும்.

இத்தகைய வித்துகள் மேற்குப் புறநகரிலும் இருக்கின்றன என்பதை இப்பகுதி வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். அங்கே கோட்டை கட்டி ஆண்ட குறும்பரைத் தொண்டைமான் வென்ற கதையை, சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. தொண்டைமானின் யானைக் கால்களில் முல்லைக்கொடி சிக்கியதும், வாளால் கொடியை வெட்டியபோது இலிங்கம் வெளிப்பட்டதும், குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியதாகக் கூறப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் கருவறைக்கு முன் இன்றும் நிற்பதும், நந்தி இறைவனை நோக்காமல் வெளிப்புறம் நோக்கி இருப்பதும் அப்புராணத்தின் பகுதிகள். தலபுராணம் வரலாற்று ஆவணமன்று எனினும், ஒரு புராணச் செய்தி கதைக்கு எவ்வாறு வித்தாகலாம் என்பதை அறிய விரும்புகிறவர் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் இறங்கி அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டுக் குறுநாவல் ஒன்றைப் படித்தால், ஆசிரியர் செய்யும் வேலையின் தன்மை எளிதில் விளங்கும்.

வர்ணனையும் பெண்பாத்திரமும்

சாண்டில்யனின் கதைகளைப் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் வர்ணனையில் வந்து நிற்கின்றன. நாயகியின் அங்க வர்ணனை கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று ஒரு சாராரும், அது கேசாதிபாதம் எனப்படும், தலை முதல் அடி வரை வர்ணிக்கும் பழைய இலக்கிய மரபின் தொடர்ச்சி என்று மறுசாராரும் கூறுவர். குறுநாவலில் இடம் குறைவு என்பதால் இச்சிக்கல் பெருநாவலைவிடக் கூர்மையாகிறது. இரண்டு பக்க வர்ணனை, நாயகி தன் எண்ணத்தை வெளிப்படுத்துவதற்குரிய இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. மரபு என்று சொல்லி இதை முழுவதும் நியாயப்படுத்த இயலாது. கதையின் திருப்புமுனையில் முடிவெடுப்பவள் அவளா, அல்லது அவளுக்காகப் பிறர் முடிவெடுக்கிறார்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டால், வர்ணனையின் அளவைவிட முக்கியமான ஒன்று வெளிப்படும். ‘மோகினித் தீவின்’ இளவரசி கதையின் சரிபாதியைத் தானே சொல்வதால் அவளுடைய குரலை எந்த வர்ணனையும் மறைப்பதில்லை.

தொகுப்பாகப் படிக்கையில் கவனிக்க வேண்டியவை

ஒரே ஆசிரியரின் கதைகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மாறுவேடம், சுரங்க வழி, முத்திரை மோதிரம் ஆகியவை திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டும். வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் இடைவெளிவிட்டுப் படிக்கப்பட்ட காலத்தில் உறுத்தாத இந்தப் பழக்கம், ஒரே அட்டைக்குள் வரும்போது குறையாகத் தெரிகிறது. ஆகவே ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையே சில நாள்களேனும் இடைவெளி விடுவதும், அந்த இடைவெளியில் வேறொரு வகை நூலைப் படிப்பதும் நல்ல பலன் தரும். ஆங்கிலத்தில் ஜார்ஜெட் ஹேயரின் ‘பிஸ்டல்ஸ் ஃபார் டூ’ (1960) போன்ற, இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்தைக் களமாகக் கொண்ட கதைத் தொகுப்புகளைப் படிக்கும்போதும் இதே சலிப்பு ஏற்படக்கூடும் என்பதால், இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று.

பதிப்பைக் கவனிப்பதும் இன்றியமையாதது. கல்கி, நா. பார்த்தசாரதி ஆகியோரின் நூல்கள் அரசுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. அவற்றுள் முன்னுரை நீக்கப்பட்டதும், அத்தியாயத் தலைப்புகள் விடுபட்டதும், எழுத்துப்பிழை மலிந்ததும் உண்டு. கதை குழப்பமாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன், குழப்பம் ஆசிரியருடையதா அச்சினுடையதா என்பதை வேறொரு பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நேர்மையாகும்.

இறுதியாக, கருத்தை எழுதும் முறை. ‘தொகுப்பு பரவாயில்லை’ என்னும் ஒற்றை வரி, நூலக அடுக்கின் முன் நிற்கும் அடுத்த வாசகருக்கு எவ்வகையிலும் உதவாது. ஒவ்வொரு கதைக்கும் நான்கு செய்திகள் போதும்: எந்தக் காலம், எது முரண்பாடு, முடிவை எடுப்பவர் யார், எத்தகைய வாசகருக்கு ஏற்றது. எடுத்துக்காட்டாக, ‘கபாடபுரம்: இடைச்சங்க காலம்; அரச கடமையும் பாணர் குலக் காதலும் மோதுகின்றன; முடிவை அரச குலத்து மூத்தோர் எடுக்கிறார்கள், இளவரசன் ஏற்கிறான்; இசையில் ஈடுபாடு உடையவர்க்கும் துயர முடிவைத் தாங்கக்கூடியவர்க்கும் ஏற்றது, சாகசம் தேடுவோர் மூங்கில் கோட்டையை எடுக்கலாம்’ என்று எழுதினால், கதையின் நுட்பங்களை வெளியிடாமலேயே அதன் இயல்பு சொல்லப்பட்டுவிடுகிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கிளை நூலகங்களுக்கு வரும் வாசகர்கள் இத்தகைய குறிப்புகளை நூலகரிடம் எழுதிக் கொடுத்து, வாசகர் வட்டக் கூட்டங்களில் படித்துக் காட்டவும் முன்வருவார்களானால், பெருநாவல்களின் பின்னே மறைந்துகிடக்கும் இச்சிறிய நூல்கள் தமக்குரிய வாசகரைச் சென்றடையும்.