மண்ணைத் தேர்ந்தெடுத்த கைகள்

படித்த துறையிலேயே வாழ்நாள் முழுவதும் பணியாற்ற வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். துறையை மாற்றினால், படிப்புக்குச் செலவிட்ட காலமும் உழைப்பும் வீணாகிவிடுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைக் கடந்து, கற்ற தொழிலை விட்டுவிட்டு மட்பாண்டக் கலையில் உலகப் புகழ் பெற்றவர் மக்தலீன் ஓடுண்டோ.

இவர் 1950ஆம் ஆண்டு கென்யாவின் தலைநகரான நைரோபியில் பிறந்தார். இளமையில் வரைகலையும் விளம்பர வடிவமைப்பும் கற்றார். அத்துறையில் மேலும் தேர்ச்சி பெறும் நோக்கத்துடன் 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜ் நகரில் பயின்றார்.

அங்குதான் களிமண் அவரைக் கவர்ந்தது. தாளில் வரையும் வடிவம் தட்டையாகவே இருக்கும். களிமண்ணில் உருவாகும் வடிவத்தையோ சுற்றிவந்து பார்க்கலாம். தொட்டுத் தடவி உணரலாம். ஓடுண்டோ வரைகலையைக் கைவிட்டு, ஃபார்ன்ஹாம் நகரிலிருந்த கலைக் கல்லூரியில் மட்பாண்டக் கலை பயிலத் தொடங்கினார். தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் ஓர் இளம்பெண்ணுக்கு இஃது எளிய முடிவன்று. கைவசம் இருந்த தொழிலை விட்டு, அரிச்சுவடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

1974ஆம் ஆண்டில் அவர் நைஜீரியாவுக்குப் பயணமானார். அங்கே ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ நிறுவிய அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில், உள்ளூர்ப் பெண்களிடம் தொழில் கற்றார். அப்பெண்கள் சக்கரத்தைப் பயன்படுத்துவதில்லை. களிமண்ணைத் திரிபோல் உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புவர். பானை சுழலாது, வனைபவரே அதனைச் சுற்றி நடப்பார். அம்மையத்தின் புகழ்பெற்ற கலைஞர் லாடி குவாலியின் உருவம் இன்று நைஜீரியாவின் 20 நைரா பணத்தாளில் இடம்பெற்றுள்ளது. வீட்டுத் தேவைக்காகப் பெண்கள் செய்துவந்த ஒரு கைத்தொழிலுக்குக் கிடைத்த பெருமை அது. கலை கற்க இங்கிலாந்து சென்ற ஓடுண்டோ, தம் கலைக்கான அடித்தளத்தை ஆப்பிரிக்க மண்ணிலேயே கண்டடைந்தார்.

பிற்காலத்தில் அவர் பின்பற்றிய முறையும் அதுவே. கையால் எழுப்பிய கலத்தின்மேல் மென்மையான களிக்குழம்பைப் பூசுவார். பின்னர், வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றுவார். கண்ணாடி போன்ற பூச்சு எதுவும் இடாமலே கலம் பளபளக்கும். சூளையில் காற்று தாராளமாகக் கிடைத்தால், மண்ணிலுள்ள இரும்பு கலத்திற்குச் செம்மஞ்சள் நிறம் தரும். காற்றைக் குறைத்து மீண்டும் சுட்டால், அதே கலம் கருமையாகும். இப்பணியில் அவசரத்திற்கு இடமில்லை. சரியாகக் காயாத கலத்தைச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதனை வெடிக்கச் செய்துவிடும். பல நாள் உழைப்பு நொடியில் சிதறிப்போகும்.

ஓடுண்டோவின் கலங்கள் மனித உடலை நினைவூட்டுபவை. தமிழில் நாமும் பானையின் வாய், கழுத்து, வயிறு என்றே சொல்கிறோம் அல்லவா? நிமிர்ந்த கழுத்தும் திரண்ட வயிறுமாக அவருடைய கலங்கள் உயிருள்ள உருவங்களைப் போல் நிற்கின்றன. அவற்றின் புறக்கோட்டைப் பார்ப்பவர், கோடு வரையப் பழகிய ஒரு கையை அதில் காணலாம். வரைகலைப் பயிற்சி வீணாகவில்லை. அது மண்ணில் வேறு வடிவம் பெற்றது.

1982ஆம் ஆண்டில் இலண்டன் அரச கலைக் கல்லூரியில் முதுகலைக் கல்வியை முடித்த இவருடைய படைப்புகள், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உள்ளிட்ட பல இடங்களில் உள்ளன. தாம் மாணவியாகப் பயின்ற ஃபார்ன்ஹாம் கல்லூரி இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதியாகும். 2018ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்திற்கே அவர் வேந்தரானார். 2020ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'டேம்' என்னும் உயரிய பட்டத்தை வழங்கியது.

துறையை மாற்றுவது மட்டும் ஒருவரை உயர்த்திவிடாது. மாறிய பின் அடிப்படையிலிருந்து கற்கும் பணிவும், உடைந்தால் மீண்டும் வனையும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் உடையவருக்கு, முன்பு கற்ற கல்வியும் துணைநிற்கும்.